எட்டு வாளிச் சாமி

வயலில் கூடியிருந்தவர்கள்: புல் விவசாயிகள் நாற்பது பேர், அந்தப் புல்லை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலையில் பாய்லரைக் கவனிக்கும் அக்கா, அவள் தங்கை, தங்கை புருஷன், காணிக்கையாக வந்த பதினோரு ஆடுகள், நடுவே இடுப்புத் துண்டோடு எட்டு வாளிச் சாமி. இவர்களில் புல்லைக் குனிந்து பார்த்தவை ஆடுகள் மட்டுமே.

நான்கு மாதமாக மழை இல்லை. புல் பழுப்பேறிக் காய்ந்து நின்றது. சாமி தினமும் வயலில் வந்து நிற்பார். பக்தர்கள் அவர் தலையில் எட்டு வாளித் தண்ணீர் ஊற்றுவார்கள். ஒரே வாரத்தில் அவர் காலடியில் பச்சைத் துளிர்!

"பாதத்துல என்ன சக்தி பாருய்யா!" என்று ஊரே வாயைப் பிளந்தது. ஊற்றிய தண்ணீர் எங்கே போனது என்று கேட்கத்தான் அந்த வாய்களுக்கு நேரமில்லை.

ஒரு வாரக் குளியலுக்கு ஓர் ஆடு. தங்கையிடம் ஆடு இல்லை. எனவே சாமி அவள் வயலில் நின்று கண்ணை மூடி, "இந்த வயல் செத்துப்போச்சு. உழுது தள்ளு" என்று அருளினார். தங்கை புருஷன் உடனே அடுத்த வாரம் உழ டிராக்டருக்குச் சொல்லிவிட்டான். இந்தப் புல்லை ஒருமுறை நட்டால் பதினைந்து வருடம் அறுக்கலாம். இது இரண்டாம் வருடம்தான். உழுதால் மிச்சம் பதின்மூன்றும் மண்.

அக்கா பல்லைக் கடித்தாள். "ஏண்டி, வேர் ஆளுயரத்துக்குக் கீழே போயிருக்கு. தண்ணி இல்லேன்னா இலையைக் காயவிட்டுட்டு அடியில தூங்கும். தூங்குறதைப் போய் செத்துப்போச்சுன்னு புதைப்பியா?"

"அப்படிப் பார்த்தா இவரை எப்பவோ புதைச்சிருக்கணும்க்கா" என்றாள் தங்கை, புருஷனைக் காட்டி.

அக்கா சாமியிடம் போனாள். "சக்தி பாதத்துலயா, வாளியிலயா?"

"பாதத்துல!"

"அப்போ ஒரு வாரம் அந்த மூலையில காய்ஞ்ச காலோட நில்லுங்க. இந்த மூலையில ஒரு வைக்கோல் பொம்மை நிக்கட்டும். வாளி எல்லாம் அதுக்கு. உங்க பக்கம் துளிர்த்தா நானே ஆடு வாங்கித் தர்றேன்."

நாற்பது பேர் பார்க்கும்போது எந்தச் சாமி மாட்டேன் என்பார்? நின்றார். வியர்வைகூட மண்ணில் சொட்டிவிடாதபடி தங்கை அவருக்குக் குடை பிடித்தாள், துண்டால் துடைத்தும் விட்டாள். அவ்வளவு மரியாதை.

எட்டாம் நாள் பொம்மையின் காலடியில் விரல் நீளத்துக்குப் பச்சை. சாமியின் காலடியில் புழுதி.

கூட்டம் ஒரு நொடி திகைத்தது. பிறகு, "பொம்மைச் சாமி!" என்று ஒரு குரல். நாற்பது பேரும் பொம்மையின் காலில் விழுந்தார்கள்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "அடப்பாவிகளா, அது போட்டிருக்கிறது என் தங்கச்சி புருஷனோட கிழிஞ்ச டவுசர்!"

தலையைத் தூக்கிப் பின்பக்கக் கிழிசலைப் பார்த்தவர்கள் மெல்ல எழுந்தார்கள். தங்கை ஓடிப்போய், உழ வந்திருந்த டிராக்டரைத் திருப்பி அனுப்பினாள். இந்தச் சந்தடியில் சாமி ஆடுகளை ஓட்டிக்கொண்டு கிளம்பப் பார்த்தார். அக்கா அவரைத் துண்டோடு பிடித்து வயலோரக் கொட்டகைக்குள் தள்ளினாள்.

"நான் எங்கேம்மா ஏமாத்தினேன்? ஊத்தினது அவங்க, முளைச்சது புல்லு, நம்பினதும் அவங்க!"

அவர் வாயிலிருந்து வந்த முதல் உண்மை. அக்கா கூட்டத்தைப் பார்த்தாள்.

"கேட்டீங்களா? காஞ்ச புல்லுக்கு எட்டு வாளி போதுமா இருக்கு. உங்க மண்டையில எத்தனை வாளி ஊத்தினா மூளை துளிர்க்கும்?"

ஆடுகளை எண்ணி உரியவர்களிடம் ஒப்படைக்கும்வரை சாமி உள்ளேயே இருக்கட்டும் என்று அவள் கதவைச் சாத்திப் பூட்டினாள்.