சித்தப்பாவின் காலும் சூடான் டாக்டரும்

சித்தப்பாவின் வலது காலை நான் முதன்முதலில் ஒழுங்காகப் பார்த்தது திருத்துறைப்பூண்டியில், ரகுமத்துல்லா பாயின் பிரவுசிங் சென்டரில். கம்ப்யூட்டர் திரையில் அது சூடான் நாட்டு விவசாயி ஒருவரின் காலாக இருந்தது. அதே வீக்கம், அதே புண்கள், அவற்றிலிருந்து உதிரும் அதே கறுப்புக் குருணை. முள் குத்திய வழியாக மண்ணிலிருக்கும் பூஞ்சை உள்ளே போய், அதிகம் வலிக்காமலே எலும்பு வரை அரிக்கும் என்று போட்டிருந்தது. (மருத்துவப் புத்தகங்களில் இந்த நோய்க்கு மதுரையின் பெயர். சித்தப்பா மதுரைக்குப் போனதே இல்லை.)

அந்த நாற்காலியில்தான் யோசனை உதித்தது. இங்கே காலை எடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அங்கே அப்படிப்பட்ட கால்களைக் காப்பாற்றுகிற டாக்டர்கள் இருந்தார்கள். மைக்ரோபயாலஜி படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த நான், இரண்டு நாடுகளுக்கும் நடுவே பாலமாகிவிடுவது என்று தீர்மானித்தேன். (பாலம் என்றால் எல்லாரும் மிதிப்பார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.)

அந்த டாக்டர்களுக்கு ஈமெயில் போட்டேன். சில மாதம் கழித்து, பல நாட்டு டாக்டர்கள் சேர்ந்து நடத்தும் ஆய்வுக்காகச் சென்னை வரும் சூடான் டாக்டர் ஒருவர், ஒரு நாள் எங்கள் ஊருக்கும் வருவதாக எழுதினார். காலைப் பார்க்க வேண்டும். வயலிலிருந்து கொஞ்சம் மண்ணும் வேண்டும்.

இதை அப்படியே டீக்கடையில் தமிழில் வாசித்துக் காட்டினேன். அங்கேதான் கெட்டது காரியம். பக்கத்து ஊருக்கு எண்ணெய்க் கிணறு வந்ததே இப்படித்தான். முதலில் ஒரு ஜீப் வந்து, "சும்மா மண்ணப் பாத்துட்டுப் போறோம்" என்றது. பின்னாலேயே குழாய் வந்தது.

"யாரு பாப்பா அவர அனுப்புனது?" என்றார் சித்தப்பா, அன்று வீட்டில்.

"யாரும் அனுப்பல. உங்க காலப் பாக்க வர்றாரு."

"காலு எங்கிட்ட இருக்கு. மண்ணு எதுக்கு?"

"பூஞ்சை மண்ணுலதானே சித்தப்பா இருக்கு."

அவர் சித்தி பக்கம் திரும்பினார். "கடல் தாண்டிப் பூஞ்சை பாக்க வர்றாராம். ஊறுகாப் பானையக் காட்டி அனுப்பிடு."

சிரித்தாலும் அவரைக் குறை சொல்ல முடியாது. தலைமுறை தலைமுறையாக ஊரான் வயலில் உழைத்த குடும்பத்தில் முதன்முதலாகச் சொந்த வயல் வாங்கியவர் அவர். "கால எடுத்துருவாங்க சித்தப்பா" என்று பயமுறுத்திப் பார்த்தேன்.

"காலுன்னா இன்னொண்ணு இருக்கு. வயலு ஒண்ணுதான்."

டாக்டர் வந்த அன்று சித்தப்பா வீட்டில் இல்லை. வயலில் நடவு. பெண்களுக்கு நடுவே முழங்கால் சேற்றில், காலே தெரியாதபடி நின்றுகொண்டிருந்தார். கூப்பிட்டால், "வேலை கெடக்கு" என்று பதில். செய்த வேலை என்னவோ நின்ற இடத்திலேயே நிற்பதுதான்.

அவர் வராவிட்டால் என்ன, டாக்டரை இறக்கிவிடலாம் என்றேன். விருந்தாளியின் காலில் பூஞ்சை ஏறக்கூடாதே என்று, ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவம் படிக்கும் தோழியிடம் ரப்பர் பூட்ஸ் இரவல் வாங்கி வைத்திருந்தேன். (அறிவியல் படித்தவள் அல்லவா?) டாக்டர் அதை மாட்டிக்கொண்டு இறங்கினார். நட்டுக்கொண்டிருந்த கைகள் அத்தனையும் நின்றன.

"செருப்போடயா வயல்ல எறங்குறாரு?"

"கெணறு தோண்ட வந்தவன் காலக் கழுவிட்டா எறங்குவான்?"

சற்று தூரம்தான் போயிருப்பார். பூட்ஸ் சேற்றிலேயே நின்றுவிட்டது; டாக்டர் மட்டும் முன்னால் போய்க் குப்புற விழுந்தார். சித்தப்பா பாய்ந்து ஓடிவந்தார். டாக்டரைத் தூக்கத்தான் என்று இன்றுவரை நான் வெளியில் சொல்லிவருகிறேன். அவர் கத்தியது "நாத்து, நாத்து!" என்று.

ஓடிவந்த வேகத்தில் அந்தக் கால் சேற்றைவிட்டு வெளியே வந்து, விழுந்துகிடந்த டாக்டரின் மூக்குக்கு நேரே நின்றது. டாக்டர் கண்ணைத் துடைத்தார். பார்த்தார். இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டார்.

சித்தப்பா பதறிப்போனார். "எந்திரிங்க. கால்ல விழுந்தாலும் மண்ணு கெடையாது."

டாக்டர் விடவில்லை. வீக்கத்தை அமுக்கி, விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்து, என்னவோ முணுமுணுத்தார். சவூதியில் லாரி ஓட்டி அரபி கற்றிருந்த பிரவுசிங் சென்டர் பாய், மொழிபெயர்ப்பாளராக வரப்பில் நின்றார். (டாக்டர் என்னைவிட நன்றாக இங்கிலீஷ் பேசினார். ஆனாலும் அந்தப் பதவியை பாய் யாருக்கும் தரவில்லை.)

"அல்ஹம்துலில்லாங்கிறாரு. அல்லாவுக்கு நன்றின்னு," என்றார் பாய்.

"சேத்துல விழுந்ததுக்கா?"

"இல்லங்க. எலும்புக்கு ரொம்பப் போயிருக்காதுன்னு தோணுதாம். காலக் காப்பாத்திப் பாக்கலாமாம்."

சித்தப்பா காலை இழுத்துக்கொள்ளவில்லை. "பாப்பா, போறப்ப அவர வாய்க்கால்ல நல்லாக் கழுவி அனுப்பு" என்றார்.

உபசாரம் என்று நினைத்தேன். சட்டைப் பையைத் திருப்பி உதறி, காது மடல் வரை தண்ணீர் ஊற்றச் சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்தது. எங்கள் மண்ணில் ஒரு துகள்கூட ஊர் எல்லையைத் தாண்டவில்லை.

பிறகு சென்னையில் பரிசோதனை, சின்னதாக ஓர் ஆபரேஷன், மாதக்கணக்கில் மாத்திரை. பாதத்தில் ஒரு பள்ளம் விழுந்தது, கால் தங்கிவிட்டது. இன்றும் எங்கள் வீட்டில் யார் எதைக் கெஞ்சிக் கேட்டாலும், வடையானாலும் வண்டிச் சாவியானாலும், பதில் ஒன்றுதான்: "கால்ல விழுந்தாலும் மண்ணு கெடையாது."

ஆனால் நடவுக்கு வந்த ஒரு அக்காவின் பாதத்திலும் இப்போது வீக்கம் கண்டிருக்கிறது. டாக்டர் மறுபடியும் மண் கேட்கிறார். இந்த முறை சித்தப்பா ஒரு நிபந்தனை போட்டார்: "அவரு ஊரு மண்ணு ஒரு டப்பா வரட்டும். பெணையா வச்சுக்கிட்டுத் தர்றேன்."

எழுதினேன். பதில் வந்தது. அங்கே ஒரு விவசாயியிடம் டாக்டர் மண் கேட்டாராம். எதற்கு, யார் அனுப்பியது என்று அந்த விவசாயி திருப்பிக் கேட்டாராம். தரவில்லையாம்.

சித்தப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. "வெவரமான ஆளு. அவருகிட்ட நானே பேசுறேன்."

வரும் வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்ததும், பாய் கடையிலிருந்து இரண்டு விவசாயிகளையும் போனில் பேசவைக்கப் போகிறோம். மொழிபெயர்ப்பு பாய்தான். சித்தப்பா வெள்ளைச் சட்டையை எடுத்து வைத்துவிட்டார். நேற்று மாலை மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்:

"போன் வழியா எதையும் எடுத்துர முடியாதுல்ல?"