முகம் பார்க்காத கத்திகள்

அலமாரி நிறைய சவரக்கத்தி வைத்திருக்கும் மனிதர், தெருமுனைக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் ரேசரால் தாடையைக் கீறிக்கொண்டு, ரத்தத்தின் மேல் செய்தித்தாள் துணுக்கை ஒட்டியபடி குளியலறையிலிருந்து வெளியே வந்தார். வந்த வேகத்திலேயே ஒரு சபதம் செய்தார்.

"இன்னிக்கு இதுக்கு ஒரு முடிவு கட்டிடறேன்!"

"எதுக்கு, தாடிக்கா?" என்றாள் மனைவி, தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

"அலமாரிக்குடி! அதை எடு எடுன்னு நீ பண்ற நச்சரிப்புக்கு!"

அவர் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். ஸ்டோர்காரர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். தொழிலாளி வந்து ஒரு ஜோடி கையுறை கேட்டால், "இருக்கறதே ஒண்ணு. உன்கிட்ட கொடுத்துட்டா ஸ்டோர்ல என்ன இருக்கும்?" என்று திருப்பிக் கேட்பார். வெறுங்கையோடு போய் விரலைச் சுட்டுக்கொண்டவர்கள் உண்டு. ஸ்டோர் மட்டும் நிறைந்தே இருந்தது. மேலதிகாரிகள் பாராட்டினார்கள்.

வீட்டிலும் அதே நிர்வாகம்தான். சோபாவின் பிளாஸ்டிக் உறையை வாங்கி வந்த நாளிலிருந்து கழற்றவில்லை. உட்கார்ந்தால் வழுக்கும் என்பதால் வந்தவர்கள் சீக்கிரம் கிளம்பிவிடுவார்கள், அதுவும் லாபம். ஸ்பூன் செட்டில் ஒன்று காணாமல் போனதற்கு அவர் நடத்திய விசாரணையில், பக்கத்து வீட்டுக்காரி பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டாள்.

எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கண்ணாடி அலமாரி. வெளிச்சம் வருகிற ஒரே ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றது. உள்ளே மடித்த வாக்கில் வரிசையாகப் பழங்காலச் சவரக்கத்திகள். கொம்புப் பிடி, கருங்காலிப் பிடி, மஞ்சளேறிய தந்தப் பிடி. நடுவில் ஒரு சின்ன மரப்பெட்டி. அதற்குள் இருப்பதுதான் ராஜா. எந்த முகத்திலும் படாத கத்தி. காற்றுப் பட்டால் துருப்பிடிக்கும் என்று கதவின் ஓரமெல்லாம் டேப் ஒட்டியிருந்தார். திறப்பதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை நாற்காலி போட்டு உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்ப்பார். அந்தக் கண்ணாடியைத் துடைப்பது மனைவியின் வேலை.

அவள் ஊருக்கெல்லாம் துணி தைப்பவள். அலமாரி வந்த அன்று அவளுடைய மிஷின் ஜன்னலடியிலிருந்து சமையலறைப் பக்கத்து இருட்டு மூலைக்குப் போனது. மூக்குக்கண்ணாடி வந்தது. பிறகு கண்ணாடி தடித்துக்கொண்டே போனது.

"கத்தின்னா எதையாவது வெட்டணுங்க. சும்மா வச்சுப் பாக்கறதுக்கு அது என்ன மாப்பிள்ளையா?"

"உபயோகிச்சா தேயும். பத்திரமா வச்சா நூறு வருஷம் நிக்கும். உனக்கு எங்க புரியப் போகுது? சாயங்காலம் பழம்பொருள் கடைக்காரரை வரச்சொல்லியிருக்கேன். அவரே பாத்துச் சொல்லட்டும். வச்சுக் காப்பாத்தினதுதான் சரின்னா, நீ இந்தப் பேச்சை ஜென்மத்துக்கும் எடுக்கக்கூடாது."

"அவர் இல்லைன்னுட்டா?"

"அலமாரியை எடுத்துடறேன். ஜன்னல் உனக்கு."

"சரி."

ஒரு மறுப்பு இல்லை, ஒரு முணுமுணுப்பு இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் இவ்வளவு சீக்கிரம் எதற்கும் சரி சொன்னதில்லை. புத்தியுள்ளவன் அங்கேயே உஷாராகியிருப்பான். நம் ஸ்டோர்காரர் வென்றுவிட்ட தோரணையில் வேலைக்குக் கிளம்பினார்.

சாயங்காலம் பழம்பொருள் கடைக்காரர் வந்தார். சோபாவில் உட்கார்ந்தார், வழுக்கினார், எழுந்துவிட்டார்.

"என்ன சார், சுத்தி டேப் ஒட்டியிருக்கீங்க?"

"காத்துப் புகாது" என்றார் ஸ்டோர்காரர் பெருமையாக.

கடைக்காரர் டேப்பை உரித்துக் கதவைத் திறந்தார். வினிகரும் கற்பூரமும் கலந்தாற்போல் ஒரு நெடி முகத்தில் அடித்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு அந்த மஞ்சள் பிடிக் கத்தியை இரண்டு விரலால் எடுத்தார். பிடி பொடியாக உதிர்ந்தது.

"இது எத்தனை நாளா மத்ததோட இருக்கு?"

"ஆரம்பத்திலேர்ந்து. அசல் தந்தம்!"

"தந்தம் இல்ல சார், செல்லுலாய்டு. அந்தக் காலத்து பிளாஸ்டிக். கெட ஆரம்பிச்சா புளிச்ச ஆவி விடும், பக்கத்துல இருக்கற இரும்பையெல்லாம் தின்னுடும். காத்தாடத் தனியா வச்சிருக்கணும். நீங்க எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு மூச்சு முட்ட அடைச்சு வச்சிருக்கீங்க."

கொம்புப் பிடிக் கத்தியை விரிக்கப் பார்த்தார். விரியவில்லை. பலமாக இழுத்தபோது அலகு பாதியில் ஒடிந்து கையோடு வந்தது. அடுத்தது செதில் செதிலாகக் கொட்டியது. அதற்கடுத்ததில் கொட்டுவதற்கும் ஒன்றும் மிச்சமில்லை. அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் ஸ்டோர்காரர் உட்கார்ந்து ரசித்தது வெறும் துருவை.

"பெட்டி!" என்றார் ஸ்டோர்காரர். "பெட்டிக்குள்ள இருக்கறது தப்பிச்சிருக்கும். அது முகமே பாக்காத கத்தி."

கடைக்காரர் மரப்பெட்டியைத் திறந்தார். வெல்வெட் மெத்தையில் ஓர் எவர்சில்வர் ஸ்பூன் சௌகரியமாகப் படுத்திருந்தது.

"என்னங்க, நீங்க தேடின ஸ்பூன்" என்றாள் மனைவி.

"கத்தி எங்கடி?"

அவள் மூலைக்குப் போய், நூல்கண்டு வைக்கும் பிஸ்கட் டப்பாவிலிருந்து அதை எடுத்து வந்து நீட்டினாள். கடைக்காரர் விரித்து வெளிச்சத்தில் பிடித்தார். அலகு பளபளத்தது. தன் முன்கையில் லேசாக வைத்து இழுத்தார். மயிர் சத்தமில்லாமல் விழுந்தது.

"யாரும்மா இதைத் தீட்டினது?"

"நான்தாங்க. தையல் பிரிக்க இதைவிட நல்லது கிடையாது. வேலை முடிஞ்சதும் துடைச்சு, இவரோட பழைய பெல்ட்ல நாலு இழுப்பு. ரொம்ப வருஷமா நடக்குது."

"சார்," என்றார் கடைக்காரர், "வேலை செஞ்சது பொழைச்சிருக்கு. நீங்க காப்பாத்தினதெல்லாம் குப்பைக்கு. நான் வேற என்ன சொல்ல?" சோபாவை ஒரு முறை முறைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஸ்டோர்காரர் திரும்பினார். "தெரிஞ்சுதான் காலையில சரின்னு சொன்னியா?"

"டேப்பைப் பிரிச்சு இதை எடுத்துட்டுத் திரும்ப ஒட்டறப்பவே அந்த வாடை. அலமாரியில ஏதோ நாத்தம் வருதுன்னு உங்ககிட்ட வந்து சொன்னேன். என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா? பழமையோட வாசனை, உனக்குப் புரியாதுன்னீங்க."

"மறுபடி சொல்லியிருக்கலாமே! பாதியாவது பொழைச்சிருக்குமே!"

"மறுபடியா?" அவள் சிரித்தாள். அதில் சிரிப்பு இல்லை. "ஊசியில நூல் கோக்க முடியலைங்க, மிஷினை ஜன்னல்கிட்ட போடலாம்னு எத்தனை மறுபடி சொன்னேன்? கத்திக்கு வெயில் ஆகாதுன்னீங்க. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி வெயிலை மறைக்கத்தான் இந்த அலமாரி இங்க நிக்குதாம்! என் கண்ணு போறது உங்களுக்குத் தெரியலை. உங்க கத்தி போறது எனக்குத் தெரிஞ்சுது. சொல்லணும்னு தோணலை."

அவருக்குக் கோபம் வந்தது. வந்த இடத்திலேயே நின்றுவிட்டது. வாராவாரம் அந்தக் கண்ணாடியை ஒரு பொட்டு அழுக்கில்லாமல் துடைத்துவைத்தவள் இவள்தானே. உள்ளே துரு தின்றுகொண்டிருப்பது தெரிந்தே துடைத்திருக்கிறாள். அவருக்கு நாற்காலி எடுத்துப் போட்டதும் அவள்தான். கத்தி போனதைவிட அதுதான் அவரை அறுத்தது. அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒரு கணம் தோன்றியது. அதையும் அவர் செலவழிக்கவில்லை.

மறுநாள் காலை அலமாரி வாசலில் கிடந்தது. மிஷின் ஜன்னலடியில் இருந்தது. முகத்தில் விழுந்த வெயிலில் அவள் ஒரு பள்ளிச் சீருடையின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். வெளிச்சம் வந்துவிட்டது, ஆனாலும் துணியைக் கண்ணுக்கு வெகு அருகில்தான் பிடித்திருந்தாள். அவர் அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார். முகமெல்லாம் சோப்பு நுரை, கையில் பிளாஸ்டிக் ரேசர், நேற்றைய காயம் இன்னும் காயவில்லை.

"இந்தா... அந்தக் கத்தியைக் கொஞ்சம் கொடேன். ஒரே ஒரு தடவை. முகத்துக்கு."

அவள் மிச்சத் தையலை ஒரே இழுப்பில் பிரித்தாள். அலகைத் துடைத்தாள், மடித்தாள், பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடியை அழுத்தினாள்.

"இருக்கறதே ஒண்ணு. உங்ககிட்ட கொடுத்துட்டா டப்பாவுல என்னங்க இருக்கும்?"