வாரத்துக் கோழியும் வித்தவுட் மரநாயும்

அனுமந்தன்பட்டி,
ஆடி மாதக் கடைசி வெள்ளி.

போடியில் இருக்கும் என் உடன்பிறந்த அக்கா சங்கிலியம்மாள் அவர்களுக்கு, தம்பி சீனிச்சாமி பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் மொக்கம்மாளும், மாசமாகி ஆடிக்கு வந்திருக்கும் நம் பிள்ளை சிம்ரனும் சுகம். கோழிகள் மட்டும் சுகமில்லை. அங்கு உங்கள் சுகத்தையும் மச்சானின் முழங்கால் சுகத்தையும் அறிய ஆசை. போன் போட்டால் எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். அதனால் காகிதத்தில் எழுதி, போடி வண்டிக் கண்டக்டர் ராஜபாண்டியிடம் கொடுத்தனுப்புகிறேன். நான் சர்வீஸில் இருந்தபோது வேலை பழக்கிய பையன். உங்கள் கையில் கொடுக்காமல் போகமாட்டான்.

அக்கா, குஞ்சு பொரித்தால் ஆளுக்குப் பாதி என்று வாரத்துக்கு நீ விட்டுப்போனது இரண்டு கோழி, கருப்பி ஒன்று, புள்ளி ஒன்று. அதில் கருப்பி ஆடி பிறந்த கையோடு காணாமல் போனது. மரநாய் வேலைதான் என்று அன்றே உனக்குப் போனில் சொன்னேன். அன்றைக்கென்று பார்த்து, சிம்ரன் வாய்க்கு ருசியாக எதையாவது கேட்டாளே என்று கடையில் பிராய்லர் கறி எடுத்துக் குழம்பு வைத்தோம். பக்கத்து வீட்டு மலைச்சாமிக்கு மூக்கு நீளம் என்பது உனக்கே தெரியும். குழம்பு கொதித்து இறங்குவதற்குள் போடிக்குச் செய்தி போய்விட்டது. நீ போனில் என்ன கேட்டாய்? "ஏலே, ஏங் கோழிய அறுத்துத் தின்னுபுட்டு மரநாய் மேல பழியப் போடுறியா? களவாணி வீட்டு வளைகாப்புக்கு நான் வரமாட்டேன். எவளையாச்சும் வச்சு மொத வளையலப் போட்டுக்க" என்றாய். நானும் ரோஷத்தில் "நீயும் ஒங் கோழியும்" என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு சிம்ரன் சரியாகச் சாப்பிடவில்லை. அத்தை கை வளையல் முதலில் ஏறாமல் நம் வீட்டில் எந்தப் பிள்ளைக்கு வளைகாப்பு நடந்தது? எனக்கு அன்றைக்கே நெஞ்சு வலித்தது, அக்கா. சரி, களவாணியைப் பிடித்து உன் கண் முன்னால் நிறுத்தாமல் ஓய்வதில்லை என்று அன்றே முடிவு செய்தேன். முப்பது வருஷமாக, டிக்கெட் எடுக்காமல் வித்தவுட்டில் வருகிறவனை முழியை வைத்தே பிடித்தவன் நான். ஒரு மரநாயைப் பிடிக்க முடியாதா?

முதலில் தடயம் பார்த்தேன். ஒரு இறகு இல்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை. மொக்கம்மாள் "ஒரு ரெக்கை கூடக் கெடக்கலையேங்க" என்று இழுத்தாள். தொழில் தெரிந்த களவாணி அப்படித்தான் சுத்தமாகச் செய்வான் என்று அவளுக்கு விளக்கினேன். அதற்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பே கருப்பி கூட்டில் முட்டையிடுவதை நிறுத்தியிருந்தது. வேறென்ன, பயம்தான். உத்தமபாளையம் வெல்டிங் கடை ஜோயலிடம் போய், சிறுத்தையே வந்தாலும் அடங்குகிற மாதிரி ஒரு இரும்புக் கூண்டு அடிக்கச் சொன்னேன். கதவு மேலிருந்து விழும், தாழ்ப்பாள் வெளியில் மட்டும். உள்ளேயும் ஒன்று வையப்பா என்றதற்கு, "உள்ளருந்து யாருண்ணே தெறக்கப் போறாக?" என்று கேட்டான். நியாயமாகத்தான் பட்டது.

கூண்டுக்குள், கதவை விழவைக்கும் கயிற்றில் நெத்திலிக் கருவாட்டைக் கட்டித் தொங்கவிட்டேன். முதல் நாள் மலைச்சாமியின் பூனை விழுந்தது. மறுநாளும் அதே பூனைதான், ருசி கண்ட பூனை. கதவு மெதுவாக விழுகிறதோ என்று சந்தேகம் வந்து, சனிக்கிழமை நானே உள்ளே தவழ்ந்து போய்க் கயிற்றை லேசாகத் தொட்டேன். கதவில் ஒரு குறையும் இல்லை. மொக்கம்மாளும் சிம்ரனும் குச்சனூர் கோயிலுக்குப் போயிருந்தார்கள். சத்தம் கேட்டு வந்த மலைச்சாமி, கதவைத் திறப்பதற்கு முன்னால் போனை எடுத்தான். வாட்ஸப்பில் மச்சான் உனக்குக் காட்டியதாகக் கேள்விப்பட்டேன். படத்தில் என் வாய் திறந்திருப்பது அழுவதால் அல்ல, மலைச்சாமியைத் திட்டுவதால்.

இதற்கெல்லாம் அசருகிற ஆளா நான்? கருவாட்டுக்கு வராதவன் உயிர்க்கோழிக்கு வருவான் என்று, கூண்டுக்குள்ளே கம்பிவலைத் தடுப்பு கட்டி அதன் பின்னால் புள்ளியை விட்டேன். விடியக் கருக்கலில் பார்த்தால் கயிற்றைத் தொடாததால் கதவு விழவில்லை, வலை கிழிந்து கிடக்கிறது, வாசல் முழுக்க இறகு. புள்ளி போய்விட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அன்று காலை எனக்குக் காப்பி இறங்கவில்லை. ஆனாலும் ஒன்றைக் கவனி, இந்தத் தடவை களவாணி அஜாக்கிரதையாக இருந்துவிட்டான். வலையைக் கழற்றிவிட்டு இன்னும் கொஞ்சம் கருவாட்டைக் கட்டினேன். செவ்வாய்க்கிழமை காலை உள்ளே மரநாய்! நீள வாலும் கருத்த மூஞ்சியுமாக, டிக்கெட் கேட்டால் சீசன் பாஸ் வைத்திருப்பவன் மாதிரி என்னை முறைத்தது. கூண்டோடு வேனில் ஏற்றி உன் வாசலில் இறக்கியிருப்பேன். அதற்குள் யாரோ சொல்லி வனத்துறை ஆள் வந்துவிட்டார். "இதையெல்லாம் பிடிக்கவே கூடாது சார், சட்டம் இருக்கு. தெரியாமச் செஞ்சீகன்னு விடுறேன். எல்லாரும் கோழியக் கூட்டுல அடைப்பாக, நீங்க மரநாய அடைக்கிறீக" என்றார். கருப்பியைத் தின்றது இதுதான் என்று உனக்குப் போனில் ஒரு வார்த்தை சொல்லும்படி கெஞ்சினேன். "அது எங்கிட்ட ஒத்துக்கிறலையே சார்" என்று சொல்லி, மலைப்பக்கம் விடுவதற்கு எடுத்துப் போய்விட்டார்.

ஆகையால் அக்கா, சாட்சி மலையேறிவிட்டது. என் வாய்ச்சொல் மட்டும்தான் மிச்சம். கருப்பியைத் தின்றது மரநாயேதான், இது குச்சனூர் சனீஸ்வரன் மேல் ஆணை. தம்பியைக் களவாணி என்று சொன்னதை நீ வாபஸ் வாங்கிக்கொண்டு, ஆவணியில் வந்து பிள்ளைக்கு முதல் வளையல் போடவேண்டியது. மச்சானுக்கு என் கும்பிடு. அவர் முழங்காலுக்கும் உன் கோபத்துக்கும் சீக்கிரம் குணமாகட்டும். குலசாமி நம் எல்லாரையும் ஒரே பந்தியில் உட்கார வைக்கட்டும்.

இப்படிக்கு,
நிரபராதித் தம்பி
சீனிச்சாமி

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது மலைச்சாமி கத்தினான். ஓடிப்போய்ப் பார்த்தால், அவன் வைக்கோல் படப்புக்கு அடியிலிருந்து கருப்பி நடந்து வருகிறது. பின்னாலேயே பதினோரு குஞ்சு! யாருக்கும் தெரியாமல் அங்கன முட்டையிட்டு, அங்கனயே அடைகாத்திருக்கிறது. அப்படியென்றால், வராத களவாணிக்குக் கூண்டு வைத்து, கருவாட்டு வாசம் காட்டி வரவழைத்து, புள்ளியை விருந்தாக வைத்தவன் நான்தான். மேலே உள்ள ஆணையை அடித்துவிட்டுப் படி. நாளைக்கே குச்சனூர் போய் எள் தீபம் போட்டுவிடுகிறேன், போக முடிந்தால். ஏனென்றால், பருந்து தூக்கிவிடக் கூடாதே என்று தாயையும் குஞ்சுகளையும் கூண்டுக்குள் விட்டேன். கடைசிக் குஞ்சைப் பிடித்துக்கொண்டு நானும் உள்ளே குனிந்தபோது, கருப்பி பாய்ந்து, கதவுக்கு முட்டுக் கொடுத்த கம்பைத் தட்டிவிட்டது. இதைக் கூண்டுக்குள் இருந்துதான் எழுதுகிறேன், மடியில் நாலு குஞ்சு. மொக்கம்மாள் தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு, "அக்காகிட்ட மன்னிப்புக் கேட்டு எழுதுங்க, தெறக்கிறேன்" என்கிறாள். ரோட்டில் ராஜபாண்டி ஹார்ன் அடிக்கிறான்.

அக்கா, நான் உன்னைப் பேசியது தப்பு. புள்ளி போனது என்னால்தான். பதினோரு குஞ்சும் உனக்கே, எனக்கு வாரம் வேண்டாம். நீ வந்து வளையல் போட்டால் போதும்.

எழுதியதைக் கம்பி வழியாகக் காட்டினேன். மொக்கம்மாள் நிதானமாகப் படித்துவிட்டுத் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்துவிட்டாள். அக்காவே வந்து திறக்கட்டும் என்கிறாள். அடுத்த வண்டியிலேயே வா.