தானே டைல்ஸ் பதிப்பவர்

மெல்பேர்னில் இருபது வருடங்களாக நான் கவனித்துவரும் ஒரு பழக்கம் இருக்கிறது. பிறந்தநாளோ செத்தவீட்டு அந்தியேட்டியோ, யார் வீடாக இருந்தாலும், மற்றப் பெண்கள் கதைத்துக்கொண்டிருக்க, கதைக்க வராத நான் நடையோரக் கதிரையில் இருப்பேன். கை கழுவவென்று குளியலறைக்குள் போன ஒருவர் நெடுநேரமாகத் திரும்பமாட்டார். உள்ளேயிருந்து 'டொக், டொக்' என்று டைல்ஸைத் தட்டிப் பார்க்கிற சத்தம் வரும். பிறகு ஈரக் கையை உதறியபடி வெளியே வந்து, துக்கம் விசாரிக்கிற குரலில் வீட்டுக்காரரிடம் சொல்வார்:

"ஆர் உங்களுக்கு டைல்ஸ் பதிச்சது? உள்ளுக்கு வெறுமையாக் கிடக்கு. ஏமாத்திப்போட்டான்."

இவர்தான் தானே டைல்ஸ் பதிப்பவர். இந்த இனத்தை நீங்கள் மல்கிரேவிலும் காணலாம், ட்ருகனினாவிலும் காணலாம். கேரம் டவுன்ஸ் கோயிலில் எல்லாரும் சுவாமியைப் பார்த்துக் கும்பிடும்போது குனிந்து நிற்பாரே, அவரும் இவர்தான். பக்தி என்று நினைக்காதீர்கள். தரை மட்டமா என்று பார்க்கிறார்.

உதாரணத்துக்கு எங்கள் இந்திரகுமார் அண்ணையை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்குக் கந்தோரில் கணினியோடு வேலை. சுவரில் ஆணி அடித்தும் பழக்கமில்லை. அதனால் என்ன? ஒருவன் பன்னிரண்டு நிமிடத்தில் முழுக் குளியலறையையும் பதித்து முடிக்கிற யூடியூப் படத்தை ஏழு தரம் பார்த்திருக்கிறார். எண்பத்து நாலு நிமிட அனுபவம். போதாதா?

அவருடைய மனைவி யோகா அக்கா முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். விடியற்காலை தொடக்கம் மற்றவர்களைக் குளிக்கவார்த்து, துடைத்து, உடுப்பு மாற்றிவிட்டு வீட்டுக்கு வருகிறவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: சுடுதண்ணீரில் தானும் ஆறுதலாகக் குளிக்கவேண்டும். அந்தப் பழைய செங்கல் வீட்டில் குளியலறையும் ஒன்றே ஒன்றுதான்.

"ஆளைப் பிடிச்சுச் செய்விப்பமே?" என்று அவர் கேட்டார்.

"ஆளோ? இதுக்கோ? இரண்டு கிழமை. பிறகு பாரும்."

உடைப்பதில் இந்த இனத்தை வெல்ல ஆளில்லை. அடுத்த சனிக்கிழமை பொழுதுபடுவதற்குள் பழைய டைல்ஸ், பாத்டப், கண்ணாடி, உடைக்கத் தேவையில்லாத ஒரு குழாய் எல்லாம் முற்றத்தில் கிடந்தன. அந்தக் குவியலுக்கு முன்னால் சுத்தியலோடு நின்று அண்ணை எடுத்த படம் வாட்ஸப்பில் போய், உலகம் முழுவதிலுமிருந்து கட்டைவிரல்கள் வந்து குவிந்தன. கட்டுவதற்கு ஒருவனும் விரலை நீட்டவில்லை.

முதல் டைல் வைப்பதென்றால் சும்மாவா? ஐயரைக் கேட்டு நேரம் குறித்தார். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதே முக்காலிலிருந்து பத்தரைக்குள். தண்ணீர் கசியாமல் இருக்கச் சுவருக்குப் பூசுகிற நீலப் பூச்சை அண்ணை பூசி முடித்தது அதே ஞாயிறு ஒன்பதரைக்கு. தேங்காய் உடைக்க வந்த பக்கத்து வீட்டுக் கோயம்புத்தூர்க்காரர் வரதராஜன், பூச்சு டின்னை எடுத்து வாசித்தார். வாசிக்கத் தெரிந்தவர்களால் எப்போதும் தொல்லைதான்.

"சார், இது காயறதுக்கு ரெண்டு நாள் ஆகும்னு போட்டிருக்கே?"

"தம்பி, டின்னில எழுதினவனுக்குப் பஞ்சாங்கம் தெரியுமோ?"

"இல்ல சார், ஈரத்து மேல ஒட்டினா..."

"பத்து இருபதாச்சு. தேங்காயை உடையும்!"

பத்து இருபத்தைந்துக்கு, சந்தனப் பொட்டோடு, மூலையில் முதல் டைல் ஏறியது. பின்னேரத்துக்குள் அந்தச் சுவர் முழுவதும் ஏறியது. ஐயர் சொன்ன நேரம் தப்பவில்லை. சுவர்தான் தப்பவில்லை.

மிச்ச வேலைக்கு ஒன்பது கிழமை, இரண்டு மாதத்துக்கு மேல். அவ்வளவு நாளும் துவாயும் பையுமாகத் தன் தங்கச்சி சுஜீவா வீட்டுக்குப் போய்க் குளித்த யோகா அக்கா, கடைசியில் ஒரு நாள் தன் வீட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். தலையில் சம்பூ வைத்துக் கண்ணை மூடியிருக்கும்போது தோளுக்குப் பக்கத்தால் ஒரு டைல் வழுக்கி இறங்கியது. அதன் பின்னால் நீலப் பூச்சு பாலாடைபோல உரிந்து வந்தது. பிறகு அதற்கு மேலிருந்தது, அதற்குப் பக்கத்திலிருந்தது என்று முழுச் சுவரும் இறங்கியது. மூலைக்குள் இறுகிக் கிடந்த முதல் டைல் மட்டும் நின்றது.

அண்ணை ஓடிவந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பாத்தீரோ! நல்ல நேரத்துக்கு வைச்சது நிக்குது. விழுந்தது எல்லாம் பத்தரைக்குப் பிறகு வைச்சது!"

தலையில் நுரையோடு நிற்கிற பெண் இதற்கு என்ன சொல்வார்? அடுத்த நாள், பதினெட்டு வருடமாக இதே தொழில் செய்கிற சிறிதரனுக்குப் போன் எடுத்தார்.

சிறிதரன் வந்தார், பார்த்தார். "அண்ணை, எல்லாத்தையும் கழட்டி, திரும்பப் பூசி, காயவிட்டுத்தான் செய்யவேணும்."

"மற்றதைக் கழட்டும். அந்த மூலையில கை வைக்கக்கூடாது."

"அதுக்குப் பின்னாலயும் ஈரம் அண்ணை."

"அது நேரம் பாத்து வைச்சது தம்பி. அதை விட்டிட்டுச் சுத்திவரப் பூசும்."

சிறிதரன் சாமான் பெட்டியை மூடினார். "அப்ப நீங்களே செய்யுங்கோ அண்ணை. உங்கட கைக்கு நல்லா வருது."

கடைசி வசனத்தை அண்ணை நற்சாட்சிப் பத்திரமாக எடுத்துக்கொண்டார். "பதினெட்டு வருசம் வேலை செய்தவனே என்னட்டை விட்டிட்டுப் போட்டான்" என்று இப்போது போகிற வீடெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் இதை வாசிக்கும்போது, 'ஒரு ஹீற்றரைப் பிடிச்சிருந்தால் பத்தரைக்குள் காய்ந்திருக்குமே' என்று உங்களுக்கு ஒரு கணம் தோன்றியதா? தோன்றியிருந்தால், தயவுசெய்து வீட்டுக்காரியிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். துவாயோடு எங்கே போவது என்று அவரும் ஒரு இடம் பார்த்து வைக்கவேண்டுமல்லவா?

குளியலறையை உடைத்து இது ஏழாவது மாதம். யோகா அக்கா வேலை முடிந்து நேரே சுஜீவா வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுத்தான் தன் வீட்டுக்கு வருகிறார்.