சன்னிதித் தெருவில் ஒரு சிவப்பு இழை

"மறுபடியும் ஒரு 'டி' விழுந்துடுச்சு சார்!" என்று கத்திக்கொண்டே முருகேசன் சத்திரத்திலிருந்து பள்ளிக்கூடத்து ஜன்னலை நோக்கி நேராக ஓடிவந்தான். அவன் உடம்பு மறைத்ததில், அங்கே இன்னொரு 'டி' விழுந்தது.

"ஓரமா வாய்யா! சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது," என்றார் உமாபதி.

உமாபதி காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரியின் பௌதிக விரிவுரையாளர். முருகேசன் அவருடைய ஆய்வுக்கூட உதவியாளன். 1974 கார்த்திகை மாதம், சன்னிதித் தெருப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானக் கண்காட்சி. ஜன்னலில் சென்னையிலிருந்து இரவலாக வந்த லேசர் விளக்கு. அதன் முன்னால் உமாபதி ஒரு சின்ன மூடியைப் பொருத்தியிருந்தார். ஒவ்வொரு இங்கிலீஷ் எழுத்தையும் ஐந்து துண்டாக்கி, வெளிச்சம் உண்டு, இல்லை, உண்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக அந்த மூடி சிமிட்டும். எதிர்ச் சத்திரத்துக் கூடத்திலிருந்த டெலிபிரிண்டர் அந்தச் சிமிட்டல்களைப் பொறுக்கி மறுபடி எழுத்தாக அடிக்கும். நடுவில் கம்பி கிடையாது. வெறும் ஆகாசம்! ஆறு மாதம் சோறு தண்ணி மறந்து செய்த வேலை.

ஆறரை மணிக்குச் சென்னை அதிகாரி கலியாணசுந்தரம் சோதிக்கப்போகிறார். தேறினால் லேசர் காஞ்சிபுரத்திலேயே தங்கும். தேறாவிட்டால் இன்றைக்கே லாரி ஏறிவிடும்.

தொல்லை என்னவென்றால், அந்தக் கதிரைப் பக்கத்தில் நின்று பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. கோயிலுக்குப் போகிற ஜனம் அதை நெஞ்சால் வெட்டிக்கொண்டே போனது. வெட்டினால் விழும் இருட்டையும் எழுத்து என்று எண்ணிக்கொண்டு இயந்திரம் எதையாவது அடித்துவைத்தது.

"தெரியாததாலதானே உள்ள பூந்துடறாங்க? தெரியவச்சிடுவோம். சாம்பிராணி கொண்டா," என்றார் உமாபதி.

இருட்டிவரும் நேரம். புகை எழுந்தது. தெருவின் குறுக்கே நெஞ்சு உயரத்தில், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை, சிவப்பாக ஓர் இழை ஆகாசத்தில் நின்றது. சிவப்பு இழைக்குப் பஞ்சமில்லாத ஊர்தான். ஆனால் நூலே இல்லாத இழையை யார் கண்டது? கோயிலுக்குப் போன ஜனம் அப்படியே நின்றது. செய்த உமாபதியே கண்கொட்டாமல் பார்த்தார்.

தறிக்கார வேலாயுதம் முதலில் செருப்பைக் கழற்றினார். இரண்டு கைகளையும் கதிருக்குள் நீட்டினார். உள்ளங்கையில் சிவப்புப் பொட்டு விழுந்தது. அப்படியே கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"ஐயையோ! இது கற்பூரம் இல்லைங்க, மிஷினு!"

"எதுவா இருந்தா என்ன சார்? ஜோதி ஜோதிதானே!"

அவருக்குப் பின்னால் ஒருவர். அவருக்குப் பின்னால் ஒரு குடும்பம். வந்த கையெல்லாம் உள்ளே போனது, போன கையெல்லாம் கண்ணுக்குப் போனது.

சத்திரத்திலிருந்து முருகேசன் காகிதத்தோடு வந்தான். இந்தத் தடவை ஓரமாகத்தான் வந்தான். ஆனால் வாயை ஓரமாக வைக்கவில்லை.

"சார், முதல்ல ஓ விழுந்துச்சு! அடுத்து எம் விழுந்துச்சு!"

"ஓம்!" என்றது கூட்டம்.

"யாருப்பா அடிச்சது?" என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது.

"யாரும் அடிக்கல. தானா விழுந்துச்சு," என்றான் முருகேசன். பாவி, உண்மையைத்தான் சொன்னான்.

உமாபதி தலையில் அடித்துக்கொண்டார். "கையை எடுக்கற நேரத்தைப் பொறுத்து டி, ஓ, எம், வி, இந்த நாலுல ஒண்ணு விழும். அவ்வளவுதான்!"

"நாலுல இந்த ரெண்டும் வரிசையா வந்துச்சே, அதைச் சொல்லுங்க," என்றார் வேலாயுதம்.

உமாபதி கதிருக்கு இரண்டு பக்கமும் கயிறு கட்டினார். கயிறு கட்டினால் வரிசையில் நிற்க வேண்டும் என்பது காஞ்சிபுரத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும். தெருமுனைவரை வரிசை நின்றது. தேங்காய்கூட வந்துவிட்டது.

ஆறேகாலுக்கு அவர் சத்திர வாசலில் பூ விற்கும் மணியம்மாளிடம் போய் நின்றார். "அம்மா, நீதான் காப்பாத்தணும். யார் கை நீட்டினாலும் தட்டிவிடு."

"நீ போ வாத்தியாரே. ஒரு கை உள்ள வராது, நான் பாத்துக்கறேன்."

அவள் எழுந்து நின்று ஒரு குரல் கொடுத்தாள். தெரு பத்தடி பின்வாங்கியது.

கலியாணசுந்தரம் வந்தார். மூடிய உறையில் இரண்டு வரிச் செய்தியை நீட்டிவிட்டு, சத்திரத்துக்குள் போய் டெலிபிரிண்டர் முன்னால் உட்கார்ந்தார். உமாபதி செய்தியைக் காகித நாடாவில் ஓட்டைகளாக அடித்து, ஜன்னலோரத்தில் மூடியைச் சிமிட்டவைக்கும் இயந்திரத்தில் மாட்டி ஓடவிட்டார். பிறகு காவலுக்குத் தெருவில் இறங்கி இழையின் பக்கத்தில் நின்றார்.

இழை சிமிட்டத் தொடங்கியது. ஒவ்வொரு சிமிட்டலும் ஒரு எழுத்தின் துண்டு. சொற்கள் வெளிச்சமாகி அவர் நெஞ்சுக்கு முன்னால் தெருவைக் கடந்து போய்க்கொண்டிருந்தன. கோயிலில் சாயரட்சை மணி அடித்தது. தெருவே கைகூப்பியது. மனிதன் செய்ததா இது, நான் செய்ததா, என்று நினைத்தபோது உமாபதிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்து, உலகமே மறந்துபோனது. நாடா ஓடி முடிந்த சத்தத்தில்தான் தன்னினைவு வந்தது.

கலியாணசுந்தரம் காகிதத்தோடு வெளியே வந்தார். "எல்லாம் அற்புதம். ஆனா வாலாஜாபாத்ங்கற இடத்துல 'வாலாஜா' வரைக்கும் இருக்கு, 'பாத்' இல்லை. பதிலா ஒரு ஓ."

உமாபதி காகிதத்தை வாங்கிப் பார்த்தார்.

"இது மிஷின் கோளாறா, மனுஷக் கையா? கைதான்னா மிஷின் மேல தப்பில்லை, இங்கேயே இருக்கட்டும். மிஷின்னா நான் கொண்டுபோயிடுவேன். உண்மையைச் சொல்லுங்க."

ஒரு பொய் சொன்னால் போதும். ஆனால் உமாபதிக்குப் பொய் வராது.

"சார், நான் பக்கத்துலேயே நின்னேன். யாரும் கை வைக்கல," என்றார்.

"அப்ப மிஷின் கோளாறுதான். லாரியைக் கூப்பிடுங்க."

"இருங்க சாமி," என்று குறுக்கே வந்தாள் மணியம்மாள். "மிஷினு மேல பழி போடாதீங்க. மணி அடிச்சதும் இந்த வாத்தியாருதான் ரெண்டு கையையும் உள்ள வுட்டு கண்ணுல ஒத்திக்கினாரு. கண்ணுல தண்ணி வேற வந்துக்கினு இருந்துச்சு, எப்படி நான் தட்டிவுடறது?"