அஞ்சு கட்டைக்குக் கீழே

கடவுளே இறங்கி வந்து பாடினாலும், "ஆண்டவரே, அரைக் கட்டை கம்மியா இருக்குது, மொதல்லேர்ந்து பாடுங்க" என்று சொல்லக்கூடிய ஒரே மனிதர் காஞ்சிபுரத்தில் இருக்கிறார். எங்கள் பிரஸ்பிடேரியன் சபையின் பாடகர் குழுவை நடத்துபவர் அவர்தான். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் போதகருக்கும் ரேஷன் கடைக்கும் மட்டுமே தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் அஞ்சு கட்டை மாஸ்டர்.

ஆர்மோனியத்தில் ஐந்தாவது வெள்ளைக் கட்டை எங்கே இருக்கிறதோ, அங்கேதான் அவருடைய உலகம் தொடங்கும். கல்யாணப் பாட்டு, அடக்கப் பாட்டு, அறுப்பின் பண்டிகைப் பாட்டு எல்லாமே அந்தச் சுருதியில்தான். கழுத்து நரம்பு புடைத்து, முகம் சிவந்து, ஆண்கள் எட்டிப் பிடிக்க வேண்டும். ஒரு சாவு வீட்டில் இறந்தவரின் தம்பி வந்து, "அழுது அழுது தொண்டை கட்டிக்கினு இருக்குது மாஸ்டர், கொஞ்சம் எறக்கிப் பாடலாமா?" என்று கெஞ்சினார். "துக்கம் வேற, சுதி வேற" என்று சொல்லிவிட்டார் மாஸ்டர்.

வாரநாட்களில் அவருக்கு ஓரிக்கைப் பக்கம் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் கடை. அதனால் சுழலும் எதைப் பார்த்தாலும் முதலில் அதன் சுருதியைத்தான் கேட்பார். எங்கள் சபைக் கோயிலில் பாட்டு நடக்கும்போது மின்விசிறிகள் ஓடக்கூடாது. "அதுங்க நாலரைக் கட்டைல முனகுதுங்க. நாம அஞ்சுல பாடறோம். எப்படிப்பா சேரும்?" மே மாதத்தில் ஒரு நாள், சபையின் மூத்த மூப்பர் சட்டை நனைந்து ஒட்டிக்கொள்ள எழுந்து நின்றார்.

"மாஸ்டர், வெந்து சாவறோம்!"

"நரகத்துக்கு இப்பவே பழகிக்கோங்க ஐயா" என்றார் மாஸ்டர், சுருதி பார்க்கும் ஊதுகுழலை வாயில் வைத்தபடியே.

ஒரு கல்யாணத்தில் மணப்பெண் வாசலிலிருந்து பீடத்துக்குப் பாதி தூரம் வந்துவிட்டாள். மாஸ்டர் கையை உயர்த்தி எல்லாவற்றையும் நிறுத்தினார். "ஆம்பளைங்க பக்கம் யாரோ எறங்கிட்டீங்க. பொண்ணு, நீ வாசலுக்குப் போம்மா. மொதல்லேர்ந்து வா." அவளும் சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனாள். இவள் மறுபடி வருவாளா மாட்டாளா என்ற கவலை மாப்பிள்ளையின் முகத்தில் தெரிந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

கோயில் மதிலை ஒட்டிப் பட்டு நெசவாளர் ஏகாம்பரத்தின் தறி. பாடற்பயிற்சி நடக்கும்போதெல்லாம் மதிலுக்கு மேல் அவர் தலை தெரியும்.

"மாஸ்டர், உங்க ஆமென் நீள நீள என் முந்தானையும் நீண்டுக்கினே போவுது. யாரு கட்டறது அத?"

"நீ மிதிக்கிற மிதில என் அல்லேலூயா நொண்டுது. அதுக்கு யாரு வைத்தியம் பாக்கறது?"

சண்டை முடிந்ததும் இரண்டு பேரும் ஒரே கடையில் டீ குடிப்பார்கள்.

இவ்வளவையும் சிரித்துக்கொண்டு சொல்கிறேன். போன மழைக்காலத்தில் என்னால் சிரிக்க முடியவில்லை. எங்கள் மகள் கிருபா பிளஸ் ஒன் படிக்கிறாள். சின்ன வயதிலிருந்தே பாடகர் குழுவின் முதல் குரல் அவளுடையதுதான். கழுத்தில் ஒரு கட்டி வந்தது, அறுவை செய்து எடுத்தார்கள். கெட்ட கட்டி இல்லை என்று முடிவு வந்தபோது நானும் என் மனைவி எஸ்தரும் ஆஸ்பத்திரி நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டோம். ஆனால் குரல் போயிருந்தது. நரம்பு அசந்திருக்கிறது, மெல்ல வரும், பேசிப் பேசிப் பழக வேண்டும் என்றார் மருத்துவர்.

கிருபா பேசவில்லை. ஒரு முறை பேசிப் பார்த்தாள். தகரத்தைத் தரையில் இழுத்தது போல ஒன்று வெளியே வந்தது. அதோடு வாயை மூடிக்கொண்டாள். சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து, உப்பு வேண்டும் என்று என் கைபேசிக்குச் செய்தி அனுப்புவாள். அறுவை சிகிச்சை அறையின் கதவு சாத்திய சத்தம் என் காதை விட்டு இன்னும் போகவில்லை. சமையலறையில் டம்ளர் விழுந்தாலும் எழுந்து நின்றுவிடுவேன்.

அந்தச் சமயத்தில்தான் மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். ஜெபம் பண்ணுவார், ஆறுதல் சொல்லுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார். "நாலே முக்கால். பரவால்ல" என்றார். பிறகு கிருபாவைப் பார்த்தார்.

"கண்ணு, கிறிஸ்மஸ் நாடகத்துல நீதான் சகரியா."

சகரியா வயதான ஆசாரியர். கிழவனுக்குப் பிள்ளை பிறக்கும் என்று தேவதூதன் சொன்னதை நம்பாததால் பேச்சு நின்றுபோனவர். பிள்ளை பிறந்ததும் அதன் பெயரைப் பலகையில் எழுதிக் காட்ட, பேச்சு திரும்பி வந்து பாடியவர்.

நான் இடைமறித்தேன். "மாஸ்டர், கடைசில அவரு பாடணுமே?"

"அது கடைசில தானே, தம்பி."

கிருபா கைபேசியில் எதையோ தட்டி அவரிடம் நீட்டினாள். மாஸ்டர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். "தாடியா? உண்டு கண்ணு. இடுப்பு வரைக்கும்." அவள் தோள் குலுங்கியது. சத்தமே இல்லை என்றாலும் அது சிரிப்புதான். எஸ்தர் சட்டென்று உள்ளே போய்விட்டாள்.

எங்கள் சபையில் பல்பு மாற்றுவதற்குக்கூட மூப்பர்கள் கூடி ஓட்டுப் போட வேண்டும். நாடகம் சும்மா போய்விடுமா? "கிறிஸ்மஸுக்கு மேய்ப்பன் இல்ல, ஒட்டகம் இல்ல, ஒரு ஊமைக் கெழவனா?" என்று மூத்த மூப்பர் கேட்டார். ஒட்டகம் சேர்த்தால் சம்மதம் என்று முடிவாயிற்று. அதனால் எங்கள் நாடகத்தில் எருசலேம் தேவாலயத்துக்குள் ஓர் ஒட்டகம் காரணமில்லாமல் வந்து, சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிற்று.

ஒத்திகையில் எல்லாம் நடந்தது, கடைசிப் பாட்டு மட்டும் நடக்கவில்லை. அந்த இடம் வந்ததும் மாஸ்டர், "சரி, டீ" என்று சொல்லிவிடுவார். நான் பொறுக்க முடியாமல், கிருபா முன்பு பாடிய ஒரு பதிவைத் தேடி எடுத்துக்கொண்டு போனேன். குரல் வராவிட்டால் இதைப் போடலாமே என்றேன்.

"இன்னா தம்பி, சகரியா நெஞ்சுல ஸ்பீக்கர் வெச்சுக்கினு பொறந்தாரா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நாடக நாளன்று கோயில் நிரம்பியிருந்தது. ஏகாம்பரம்கூடக் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கிருபாவின் ஆசாரிய உடைக்கு மார்பில் வைத்துத் தைத்த ஜரிகைத் துண்டு அவர் கொடுத்தது. ஒட்டகம் வந்து போனது. குழந்தை பிறந்தது. கிருபா பலகையில் பெயரை எழுதி உயர்த்திக் காட்டினாள். இனி அவள் பாட வேண்டும்.

தாடிக்குப் பின்னால் எந்த அசைவும் இல்லை. நான் எஸ்தரின் கையைப் பிடித்தேனா, பெஞ்சைப் பிடித்தேனா, தெரியாது. பின்னால் யாரோ இருமினார்கள்.

அப்புறம் அது வந்தது. பழைய குரல் இல்லை. கீழே எங்கோ கிடந்து, கரகரத்து, நடுவில் உடைந்து, மறுபடி ஒட்டிக்கொண்டு வந்தது. முதல் வரியை முடித்துவிட்டாள். பாடகர் குழு வழக்கப்படி அஞ்சு கட்டையில் எழுந்தது. அவள் கிணற்றுக்குள்ளும் அவர்கள் மாடியிலுமாகப் பாட்டு இரண்டாகப் பிளந்தது. கிருபாவின் குரல் நின்றுபோனது.

மாஸ்டர் கையை உயர்த்தினார். எல்லாம் நின்றது. அந்த மணப்பெண் என் கண் முன் வந்தாள். 'மொதல்லேர்ந்து வா' என்று சொல்லப் போகிறார். மேடைக்கு ஓடிப்போய்க் கிருபாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று நான் பாதி எழுந்துவிட்டேன்.

மாஸ்டர் கழுத்தில் தொங்கிய ஊதுகுழலைச் சட்டைப் பைக்குள் போட்டார். கீபோர்டுக்காரரைப் பார்த்தார்.

"எறக்கு."

கீபோர்டுக்காரருக்குத் தன் காதில் சரியாக விழுந்ததா என்று சந்தேகம். "எவ்ளோ மாஸ்டர்?"

"அவ எங்க இருக்காளோ, அங்க."

இறக்கினார்கள். பெண்கள் தரையைத் தேடினார்கள். ஆண்கள் மின்னழுத்தம் குறைந்த மோட்டார் போல உறுமினார்கள். இவ்வளவு மோசமாக எங்கள் குழு என்றைக்குமே பாடியதில்லை. கிருபா நடுவில் நின்று கடைசி வரிவரை பாடினாள். முடியும்போது தாடி ஒரு காதில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

அதன்பின் ஞாயிறுதோறும் கிருபாவையும் சேர்த்துக்கொண்டு அந்தப் பாட்டைப் பாடுகிறோம், அதே தாழ்ந்த சுருதியில். "இன்னா மாஸ்டர், அஞ்சு கட்டை எங்க போச்சு?" என்று மூத்த மூப்பர் கேட்டார். "இந்தப் பாட்டுக்கு எப்பவுமே இதான் சுதி ஐயா" என்றார் மாஸ்டர், கண்கூட இமைக்காமல்.

கிருபா இப்போது பேசுகிறாள். உப்பு வேண்டும் என்று வாயாலேயே அதட்டிக் கேட்கிறாள். போன ஞாயிறு எஸ்தர் என் காதருகே குனிந்து, "பாட்டு அரைக் கட்டை ஏறியிருக்குதுங்க" என்றாள். ஆராதனை முடிந்ததும் மாஸ்டரிடம் கேட்டேன்.

"ஏறலியே தம்பி. எப்பவுமே இதான்."

பரிசுத்த ஸ்தலத்தில் நின்றுகொண்டு அவர் வாய்கூசாமல் சொல்லும் அந்தப் பொய்யைக் கேட்பதற்காகவே நான் இப்போதெல்லாம் முன் பெஞ்சில் உட்காருகிறேன்.