ஜாஸ்தி அண்ணன் சொன்ன விலை

உலகத்தில் எந்தப் பொருளுக்கும் எந்த விலையும் ஜாஸ்திதான் என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் திருவண்ணாமலையில் இருந்தார். பழைய கார் விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் நடுவில் நின்று விலை பேசி முடிப்பது அவர் தொழில். வீட்டில் வைத்த பெயர் அவர் மனைவிக்காவது நினைவிருந்ததா தெரியாது. ஊருக்கு அவர் ஜாஸ்தி அண்ணன்.

விற்கிறவன் விலை சொன்னால் ஜாஸ்தி. வாங்குகிறவன் அதில் பாதிக்குக் கேட்டால் அதுவும் ஜாஸ்தி. டீயில் சர்க்கரை ஜாஸ்தி. மகள் பரீட்சையில் வாங்கிய மார்க்கும் ஜாஸ்தி. ஒருநாள் டாக்டர் சோதித்துவிட்டு, "பிரஷர் ஜாஸ்தியா இருக்கு" என்றாராம். அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. "அத நான் இல்ல சொல்லணும்" என்று எழுந்து வந்துவிட்டார்.

ரமணாசிரமம் பக்கம் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர், ஊர் திரும்பும் அவசரத்தில், தன் பழைய ஜீப்பைக் காட்டி அரைகுறைத் தமிழில், "சும்மா எடுங்க" என்றார். அண்ணன் அதை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"சும்மான்றது ஜாஸ்தி. டயரு நாலும் மாத்தணும்."

வெள்ளைக்காரர் டயருக்கும் காசு கொடுத்துவிட்டுப் போனார் என்பார்கள். நான் பாதியை நம்புகிறேன்.

இத்தனைக்கும் அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. பானெட்டைத் திறக்கவும் சொல்ல மாட்டார். "வண்டிய பத்தி எனக்கு இன்னா தெரியும்? வண்டிக்காரன பத்திதான் தெரியும்" என்பார். அவர் விலை பேசும் இடம் மலையைச் சுற்றிப் போகும் கிரிவலப் பாதை. விற்கிறவன் ஓட்ட வேண்டும், வாங்குகிறவன் பக்கத்தில் உட்கார வேண்டும், அண்ணன் பின்சீட்டில். வழியில் இருக்கும் எட்டு லிங்கக் கோயில்களில் ஒவ்வொன்றிலும் வண்டி நிற்கும். விலையில் விற்கிறவன் கொஞ்சம் இறங்கணும், வாங்குகிறவன் கொஞ்சம் ஏறணும். எட்டாவதான ஈசான்ய லிங்கத்துக்குள் இரண்டும் சந்தித்துவிடும். எம லிங்கத்தில் மட்டும், எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கேட்பார். அங்கே பொய் சொல்ல யாருக்கும் தைரியம் வராது. குபேர லிங்கத்தில் நிறுத்தவே விடமாட்டார். "இங்க எவனும் கொறைக்க மாட்டான், போ போ." பௌர்ணமியில் அந்தப் பாதையில் வண்டி விடமாட்டார்கள் என்பதால் அன்று ஊரில் எந்தக் காருக்கும் விலை கிடையாது.

"நியாயமான வெலைன்னா இன்னாண்ணே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ரெண்டு பேருக்கும் வயிறு கொஞ்சம் எரியணும். ஒருத்தனுக்கு மட்டும் எரிஞ்சா அது வெல இல்ல."

என் அப்பா கீழ்பென்னாத்தூரில் வாடகை வேன் ஓட்டினார். அவர் போன பிறகு வேன் வாசலிலேயே நின்றது. அம்மாதான் சொன்னாள்: "சாயங்காலம் அது நிக்கறத பாத்தா, அவரு வந்துட்டாருனு ஒல வெக்கப் போயிடறேன்டா. வித்துடு."

எனக்கு விற்க மனமில்லை. அம்மா கண்ணில் அது படவும் கூடாது. ஜாஸ்தி அண்ணனிடம் போனேன். தேங்காய் மண்டிக்காரர் ஒருவரைக் கூட்டி வந்தார்.

இந்திர லிங்கத்தில் தொண்ணூறாயிரம் என்றேன். மண்டிக்காரர் அறுபது என்றார். அக்னி லிங்கத்தில் அவர் அறுபத்தைந்துக்கு ஏறினார். நான் இறங்க வேண்டிய முறை.

"கதவாண்ட இது இன்னா தம்பி, பெயிண்டே இல்ல?" என்றார் மண்டிக்காரர்.

"அப்பா கைய வெளிய போட்டுக்குனு ஓட்டுவாருங்க. அது பட்டுப் பட்டுத் தேஞ்சது" என்றேன். பிறகு என்னையறியாமல், "தொண்ணூத்தஞ்சு" என்றேன்.

எம லிங்கத்தில் அண்ணன் வழக்கம்போல, "எவ்ளோ ஓடிச்சி?" என்று கேட்டார். நான் கிலோமீட்டரைப் பார்க்கவில்லை. "காலேஜ் மொத நாளு இதுலதாங்க வந்தேன், மல்லாட்ட மூட்ட மேல உக்காந்துக்குனு. எங்க வூட்ல படிக்கப் போன மொத ஆளு நான்தான். அப்பா உள்ள வரல. கேட்டாண்டயே நின்னுட்டாரு" என்றேன். விலை ஒரு லட்சமானது.

அப்புறம் ஒவ்வொரு லிங்கத்திலும் நான் ஏறிக்கொண்டே போனேன். குபேர லிங்கம் வந்ததும் அண்ணன், "நிறுத்து" என்றார். மண்டிக்காரர் பின்னால் திரும்பினார்.

"அண்ணே, எறங்க வேண்டியவன் ஏறிக்கினே போறான். இது இன்னா நியாயம்? நீயாவது சொல்லு."

அண்ணன் என்னைப் பார்த்தார். "கடைசியா எவ்ளோ தம்பி?"

"ரெண்டு லட்சம்." அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தேன். மண்டிக்காரரும் காத்திருந்தார்.

"கம்மி" என்றார் ஜாஸ்தி அண்ணன்.

மண்டிக்காரர் இறங்கி, ஒரு ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினார். "அண்ணன் ஒடம்புக்கு ஏதோ ஆயிடுச்சி, டாக்டராண்ட காட்டு" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

"ஏண்ணே?" என்றேன். அவர் கமிஷனும் ஆட்டோ ஏறிப் போயிருந்தது.

"வண்டிய வூட்டாண்ட நிறுத்தாத. டவுன்ல என் ஷெட்டுல வுடு. உங்கம்மா கண்ணுல படாது" என்று மட்டும் சொன்னார். ஷெட் வாடகை என்று ஒரு தொகையைச் சொல்லி நீட்டினேன். அதற்குப் பழைய பதில்தான்: "ஜாஸ்தி."

அண்ணன் இப்போது இல்லை. அவர் மகள் ஷெட்டுச் சாவியை என்னிடமே விட்டு வைத்திருக்கிறாள். இன்றைக்கு போனில் வண்டி நம்பரைத் தட்டினால் விலை வந்துவிடுகிறது. விலை பேச யாரும் மலையைச் சுற்றுவதில்லை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மட்டும் வேனை எடுத்துக்கொண்டு போகிறேன். லிங்கத்துக்கு லிங்கம் நிறுத்தி, பின்சீட்டைப் பார்த்து ஒரு விலை சொல்லிப் பார்க்கிறேன்.

ஜாஸ்தி என்று சொல்ல அவர் இல்லாத ஊரில் எந்த விலையும் கம்மியாகத்தான் படுகிறது.